நாலு ஸ்கோப்பனில் வைத்த விரல்

11 யூன் 2024, செவ்வாய்

இன்றைக்குப் பிரிட்ஜ் வகுப்பில் ஒரு பிழை விட்டேன். சிறிய பிழைதான். அல்பேர்ட் அண்ணை நாலு ஸ்கோப்பன் கேட்டபோது நான் பாஸ் அட்டையை வைத்தேன். வைத்திருக்கக் கூடாது. பிறகு சீட்டுகளை விரித்து எண்ணிப் பார்த்தால் எங்கள் இரண்டு கைகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு பிடி இருந்தது. ஆறு கேட்டிருக்கலாம்.

பிழையை ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்த முறை வராது என்று நினைத்துத்தான் இதை எழுதத் தொடங்கினேன். இதுவரை அப்படி நடக்கவில்லை. என்றாலும் எழுதுகிறேன்.

அம்மா பின்னேரம் கேட்டா, "அப்பிடி என்னத்தையடி அங்க படிப்பிக்கினம்?" எனக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன். பிரிட்ஜ் நான்கு பேர் விளையாடுவது. எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. நாலு பேரும் ஒவ்வொன்று போட, பெரிய சீட்டு வைத்தவர் அள்ளுவது ஒரு பிடி. விளையாட முன்னர், ஸ்கோப்பன், ஆட்டின், டயமன், கிளாவர் என்ற நாலு இனத்தில் எதை மற்றவற்றை வெட்டும் துரும்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் போலக் கேட்க வேண்டும். ஆறு பிடிக்கு மேலே எத்தனை என்பதுதான் கேள்வி. ஆகவே நாலு என்றால் பத்துப் பிடி. ஆறு என்றால் பன்னிரண்டு. பதின்மூன்றில் பன்னிரண்டைக் கேட்டு, கேட்டபடி எடுத்தால் அது ஸ்லாம். அதற்குப் பெரிய புள்ளி உண்டு. ஒன்று குறைந்தால் எங்களுக்கு ஒன்றுமில்லை, எதிராளிக்குத்தான் புள்ளி. கேட்காமலே பன்னிரண்டு எடுத்தால் பிடி எடுத்த சந்தோசம் மட்டும். நான் இன்றைக்கு எடுத்தது அந்தச் சந்தோசத்தைத்தான்.

இவ்வளவையும் அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவ, "சீட்டு விளையாட ஒரு வகுப்போ? கொப்பாவுக்கு ஆர் படிப்பிச்சது?" என்றுதான் கேட்டிருப்பா. முதல் நாளும் அப்படித்தான் கேட்டா.

அப்பாவுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் முந்நூற்றுநாலு என்ற சீட்டு விளையாட்டுத் தெரியாத வீடு இல்லை. செத்த வீட்டில் விடியும்வரை விளையாடுவார்கள். மழை நாளில் வயலுக்குப் போக முடியாவிட்டால் விளையாடுவார்கள். எங்கள் வகுப்பில் இருக்கும் எல்லோரும் அதிலிருந்துதான் வந்தோம். அதனால்தான் வகுப்பு நடத்தும் நிறஞ்சனா அக்காவுக்கு இவ்வளவு கரைச்சல். முந்நூற்றுநாலில் ஜாக்தான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. பிரிட்ஜில் ஆஸ், ராசா, ராணி, அதற்குப் பிறகுதான் ஜாக். ஒன்பதுக்கு ஒரு மதிப்பும் இல்லை. எனக்கு இப்போதும் கையில் ஜாக்கைக் கண்டால் மனம் ஒருமுறை துள்ளும்.

நிறஞ்சனா அக்கா முல்லைத்தீவுக்காரி. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. மொறட்டுவையில் கம்பஸில் படிக்கும்போது பிரிட்ஜ் பழகினவ. இப்போது வங்கியில் வேலை. விசுவமடுவுக்கு மாற்றலாகி வந்ததும் விளையாட ஆளில்லாமல் தவித்து, ஒரு ரியூசன் கொட்டிலைச் செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் கேட்டு வாங்கி இந்த வகுப்பைத் தொடங்கினா. "நான் உங்களுக்குச் சேவை செய்ய வரேல்லை. எனக்கு நாலு பேர் தேவை" என்று முதல் நாளே சொல்லிவிட்டா. எட்டுப் பேர் சேர்ந்தோம்.

அல்பேர்ட் அண்ணை என் சோடி. ஐஸ் லொறி ஓடுகிறவர். முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்கு மீனோடு போய்த் திரும்பும்போது லொறியைக் கொட்டிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சீட்டைக் கையில் எடுத்தால் கேட்டுக்கொண்டே போவார். நான் நிறுத்திக்கொண்டே இருப்பேன். இன்றைக்கு அந்தக் கை முடிந்ததும் அவர் சொன்னார்:

"பிள்ளை, முல்லைத்தீவுக்கு டிக்கெட் எடுத்த சனத்தைப் புதுக்குடியிருப்பில இறக்கிவிட்டிட்டு, பஸ் இதோட சரி எண்டு சொல்லுறாய்."

"பயமாக் கிடந்தது, அண்ணை."

"என்ன பயம்? விழுந்தா இதென்ன தென்னையே? சீட்டு."

பால் சேகரிக்கும் நிலையத்தில் காலையில் இருபது, இருபத்தைந்து பேருடைய பாலைச் சோதிப்பவள் நான். மானியைப் பாலுக்குள் இறக்கி, அது ஆடி அடங்கும்வரை நின்று, பிறகும் ஒருமுறை பார்த்துத்தான் எழுதுவேன். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. அல்லது இந்தப் பழக்கத்தால்தான் அந்த வேலை கிடைத்ததோ தெரியாது.

வகுப்பு முடிய முன்னர் நிறஞ்சனா அக்கா ஒரு செய்தி சொன்னா. மாத முடிவில் யாழ்ப்பாணத்தில் சோடிப் போட்டி. எங்கள் வகுப்பிலிருந்து ஒரு சோடியைத்தான் எடுப்பார்களாம். இதுவரை முன்னுக்கு நிற்பவர்கள் இரண்டு சோடி. ஒன்று நாங்கள். மற்றது ராஜினி ரீச்சரும் பாலன் அண்ணையும். வியாழக்கிழமை எட்டுக் கை விளையாடி யார் முன்னுக்கு வருகிறார்களோ அவர்கள் போகலாம்.

எனக்குப் போக வேண்டும். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அல்பேர்ட் அண்ணையிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வியாழக்கிழமை ஒவ்வொரு கையிலும் ஏழு கேட்பார்.

13 யூன் 2024, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

நான் சைக்கிளில் தர்மபுரத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது ராஜினி ரீச்சரும் பாலன் அண்ணையும் வந்துவிட்டார்கள். ராஜினி ரீச்சர் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவ. பிழையை எட்ட நின்றே பிடித்துவிடுவா. பாலன் அண்ணைக்குச் சொந்தமாக உழவு மெசின் இருக்கிறது. ஊரில் பாதி வயலை அவர்தான் உழுகிறார். வகுப்பில் அவர் வாய் திறந்து நான் கேட்டது குறைவு. பிரிட்ஜுக்கு அது நல்லது.

நிறஞ்சனா அக்கா வழக்கம்போல அட்டைகளைப் பரப்பி வைத்தா. பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டி, ஒவ்வொரு கேள்வியையும் ஒவ்வொரு துண்டில் எழுதியிருக்கிறா. ஒரு ஸ்கோப்பன், ரெண்டு டயமன், பாஸ், இப்படி. நாங்கள் வாயால் கேட்பதில்லை. துண்டை எடுத்து மேசையில் வைப்பதுதான். முந்நூற்றுநாலில் ஒருவர் கேட்கும் குரலிலேயே அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். மீதியைச் சைகையில் சொல்வார்கள். மூக்கைச் சொறிவது, சட்டைப் பொத்தானைத் தொடுவது, செருமுவது. எங்கள் ஊர்களில் அது களவு என்று யாரும் நினைப்பதில்லை. பிடிபடாமல் செய்யத் தெரியாதவனைத்தான் பகிடி பண்ணுவார்கள். பிரிட்ஜில் அது சுத்தமாகக் கூடாது. முதல் வகுப்பிலேயே நிறஞ்சனா அக்கா சொன்னா:

"இந்த மேசையில கண், காது, மூக்கு எல்லாத்துக்கும் லீவு. துண்டு மட்டும்தான் கதைக்கும்."

"இருமல் வந்தா?" என்று அல்பேர்ட் அண்ணை கேட்டார்.

"வெளியில போய் இருமுங்கோ."

ஏழு கை முடிந்தது. புள்ளியை நிறஞ்சனா அக்காதான் எழுதுவா. எங்களுக்குக் காட்ட மாட்டா. புள்ளியைப் பார்த்தால் கையைப் பார்க்க மாட்டோம் என்பது அவவின் எண்ணம். ஆனாலும் ராஜினி ரீச்சர் தரப்பு கொஞ்சம் முன்னுக்கு நிற்பதாக எனக்குப் பட்டது. மற்ற மேசைக்காரர் முடித்துவிட்டு வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாவது கை. பங்கிட்டது நான். சீட்டை எடுத்துப் பிரித்தேன்.

ஸ்கோப்பனில் ஆஸ், ராசா, ஜாக், எட்டு, ஆறு. டயமனில் ஆஸ், ராணி, ஜாக், ஐந்து, இரண்டு. கிளாவரில் ராசாவும் ஒன்பதும். ஆட்டினில் ஒரேயொரு நாலு.

ஆஸுக்கு நாலு, ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று. பதினெட்டுப் புள்ளி. இரண்டு தரம் எண்ணினேன். ஒரு ஸ்கோப்பன் துண்டை வைத்தேன். ராஜினி ரீச்சர் பாஸ். அல்பேர்ட் அண்ணை மூன்று ஸ்கோப்பன் வைத்தார். தன்னிடம் நாலு ஸ்கோப்பனும் பத்து, பதினொரு புள்ளியும் இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். பாலன் அண்ணை பாஸ்.

இனி என் முறை.

இந்த இடத்தை மெதுவாக எழுதுகிறேன். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, நாலு ஸ்கோப்பன் வைத்து நிறுத்துவது. பத்துப் பிடி, ஆபத்தில்லை. மற்றது, நாலு நோ-ட்ரம்ப், அதாவது துரும்பில்லாமல் நாலு, வைப்பது. அதற்கு எங்கள் வகுப்பில் அர்த்தம், 'உங்களிடம் எத்தனை ஆஸ்?' என்பது. அதைக் கேட்டுவிட்டால் ஸ்லாமை நோக்கிப் போகிறோம் என்று பொருள். ஐந்தில் நிறுத்த வழியிருந்தாலும் யாரும் சும்மா கேட்பதில்லை.

ஸ்லாமுக்கு முப்பத்துமூன்று புள்ளி வேண்டும் என்று பழகியிருந்தோம். பதினெட்டும் பதினொன்றும் இருபத்தொன்பது. காணாது. ஆனால் துரும்பு இரண்டு பேரிடமும் சேர்த்து ஒன்பது இருக்கிறது, எனக்கு ஆட்டினில் ஒரு சீட்டுத்தான், அப்படி இருந்தால் முப்பத்துமூன்று தேவையில்லை என்றும் நிறஞ்சனா அக்கா சொல்லியிருந்தா. எவ்வளவு தேவையில்லை என்று சொல்லவில்லை. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கும்போது என் வலக்கைச் சுட்டுவிரல் நாலு ஸ்கோப்பன் துண்டின் மேல் இருந்தது.

அப்போது நிமிர்ந்து பார்த்தேன். அல்பேர்ட் அண்ணை தன் வலது காதுச் சோணையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவும் தம்பி நிருஷனும் சோடி சேர்ந்தால், காதைப் பிடித்தால் 'ஏறு' என்று அர்த்தம். என் கை பலமாக இருக்கிறது, பயப்படாமல் கேள். நான் பத்து வயதிலிருந்து பார்க்கும் சைகை அது. பார்த்ததும் விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

விரலை எடுத்தேன். நாலு நோ-ட்ரம்ப் துண்டை வைத்தேன்.

அல்பேர்ட் அண்ணை ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு ஐந்து டயமன் வைத்தார். ஒரு ஆஸ். என்னிடம் இரண்டு. ஒன்றுதான் எங்களிடம் இல்லை. ஆறு ஸ்கோப்பன் துண்டை எடுத்தேன். நான் அதை இதுவரை மேசையில் வைத்ததே இல்லை. மற்றத் துண்டுகள் எல்லாம் மூலை மடங்கி, அழுக்குப்பட்டுக் கிடக்க, அது மட்டும் புதிதாக இருந்தது.

மூன்று பாஸ்.

ராஜினி ரீச்சர் கிளாவர் ஆஸை இட்டா. அல்பேர்ட் அண்ணை தன் சீட்டுகளை மேசையில் விரித்தார். ஸ்கோப்பனில் ராணியும் பத்தும் இன்னும் இரண்டும். ஆட்டின் ஆஸ். டயமன் ராசா. கிளாவரில் பத்து, ஏழு, ஐந்து. எண்ணினேன். ஒன்பது புள்ளி. பத்துக்கூட இல்லை.

பிறகு பிடிகளை எண்ணினேன். முதற்பிடி அவர்களுக்கு. ராஜினி ரீச்சர் திரும்பவும் கிளாவர் போட்டா. என் ராசா எடுத்தது. துரும்பை மூன்று சுற்று இழுத்தேன். வெளியே இருந்த நாலு துரும்பில் மூன்று பாலன் அண்ணையிடம் இருந்தன, மூன்றும் விழுந்தன. டயமனில் முதலில் அல்பேர்ட் அண்ணையின் ராசா, பிறகு என் ஆஸ், ராணி, ஜாக். அதோடு மற்றவர்களிடம் டயமன் தீர்ந்துவிட்டது. கடைசி டயமனும் எனக்குத்தான். மிஞ்சினது ஆட்டின் ஆஸும் என் கையில் இரண்டு துரும்பும். பாலன் அண்ணை தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பன்னிரண்டு" என்றார். அவர் இன்றைக்குப் பேசிய முதற்சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

சீட்டுகளை அடுக்கினேன். இருபத்தேழு புள்ளியில் ஸ்லாம். எடுத்தது நான்.

"சரி," என்றா ராஜினி ரீச்சர். "ஸ்லாம் வடிவாத்தான் இருந்தது. ஆனா நிறஞ்சனா, ஒரு விசயம். கௌசலா யோசிச்சுக்கொண்டிருக்கேக்க அல்பேர்ட் காதைப் பிடிச்சவர்."

நிறஞ்சனா அக்கா பேனையை வைத்துவிட்டு அல்பேர்ட் அண்ணையைப் பார்த்தா.

"பிடிச்சனீங்களோ?"

அவர் தலையைச் சொறிந்தார். "பிடிச்சன், தங்கச்சி. வேணுமெண்டு இல்லை. கை தானாப் போட்டுது."

"அப்ப என்ன கதை? சைகை காட்டி ஆறு கேட்டிருக்கிறீங்கள்," என்றா ரீச்சர்.

"ரீச்சர், நில்லுங்கோ. எங்கட பக்கம் காதைப் பிடிச்சா 'நிப்பாட்டு' எண்டு அர்த்தம். 'மேல போகாதை, என்னட்டை ஒண்டுமில்லை.' நான் பிள்ளையை நிப்பாட்டத்தான் பார்த்தனான்."

"நீங்கள் நிப்பாட்டுறதோ?" ரீச்சர் சிரித்துவிட்டா. "லொறிக்கே பிரேக் இல்லையெண்டு கேள்வி."

"சத்தியமா. இஞ்ச பாருங்கோ." தன் சீட்டுகளில் இருந்த இரண்டு பத்தையும் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டையும் ஒவ்வொரு புள்ளியெண்டு எண்ணிப்போட்டன். முந்நூற்றுநாலில பத்து எவ்வளவு பெரிய சீட்டு. மூண்டு ஸ்கோப்பன் வைச்ச பிறகுதான் ஞாபகம் வந்தது, இஞ்ச பத்துக்கு ஒண்டுமில்லை எண்டு. பதினொண்டு எண்டு நினைச்சது ஒன்பது. ரெண்டு கேட்கத்தான் கிடந்தது. நெஞ்சு திக்கெண்டுது. இந்தப் பிள்ளை ஒருநாளும் மேல போகாது, அந்தத் தைரியத்தில இருந்தன். பார்த்தா யோசிக்குது. கை காதுக்குப் போட்டுது."

பாலன் அண்ணையும் சிரித்தார். ராஜினி ரீச்சர் கதிரையில் சாய்ந்து, "அப்ப சைகைக்கு எதிராத்தான் கௌசலா கேட்டிருக்கிறா. அதில நான் என்ன சொல்ல?" என்றா. "எழுதுங்கோ, நிறஞ்சனா. நான் வாபஸ்."

நிறஞ்சனா அக்கா பேனையை எடுத்தா.

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாது. அல்பேர்ட் அண்ணைக்கே தெரியாது. நல்லவள் என்று பெயர் எடுக்கவேண்டும் என்று நான் பேசவில்லை. அதையும் சோதித்துப் பார்த்தேன். பால் மானியைப் பார்க்கும்போது பக்கத்தில் யாராவது பிழையான எண்ணைச் சொன்னால் என் வாய் தானாகச் சரியான எண்ணைச் சொல்லிவிடும். அப்படித்தான் வந்தது.

"அக்கா, எங்கட வீட்டில காதைப் பிடிச்சா 'ஏறு' எண்டு அர்த்தம்."

அல்பேர்ட் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"நீர் அப்பிடித்தான் விளங்கினீரோ?" என்று நிறஞ்சனா அக்கா கேட்டா.

"ஓம்."

"எங்கட வீட்டில," என்றார் பாலன் அண்ணை, மெதுவாக, "காதைப் பிடிச்சா துரும்பால வெட்டு எண்டு."

ராஜினி ரீச்சர்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினா. அல்பேர்ட் அண்ணை, "முப்பது மைலுக்குள்ள மூண்டு நாடு" என்றார்.

நிறஞ்சனா அக்கா சிரிக்கவில்லை. சட்டத்தை விளக்கினா. அல்பேர்ட் அண்ணை என்ன நினைத்துக் காதைப் பிடித்தார் என்பது கேள்வி இல்லை. அதைப் பார்த்து நான் என்ன விளங்கினேன், அது என்னை ஸ்லாம் பக்கம் தள்ளியிருக்குமா என்பதுதான் கேள்வி. சைகையைப் பார்க்காமலே என்னைப் போன்ற ஒரு ஆள் இந்தக் கையோடு நாலு நோ-ட்ரம்ப் கேட்டிருப்பார் என்றால் ஸ்லாம் நிற்கும். நாலில் நிறுத்தியிருக்கவும் கூடும் என்றால் ஸ்லாம் வெட்டுப்படும்.

"அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று ரீச்சர் கேட்டா.

"விளையாட்டைப் பார்க்காத ஆக்களைக் கேட்கிறது."

என் பதின்மூன்று சீட்டையும் எடுத்துக்கொண்டு அவ வெளியே போனா. கொட்டிலுக்குச் சுவர் அரைவாசிதான். எங்களுக்கு எல்லாம் கேட்டது. முதலில் லக்ஷன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பையன். யாருடைய கை என்று சொல்லாமல் சீட்டைக் காட்டி, "ஒரு ஸ்கோப்பன் வைச்சனீர், சோடி மூண்டு வைச்சிட்டார். இப்ப?" என்று கேட்டா.

அவன் சீட்டை விரித்துப் பார்த்தான். "ஆஸ் கேட்பன். நாலு நோ-ட்ரம்ப்."

அல்பேர்ட் அண்ணை மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். உடனே, "இது சைகை இல்லை, சந்தோசம்" என்று ரீச்சரிடம் சொன்னார்.

அடுத்தது சுதாஜினி. தையல் கடை வைத்திருக்கிறா. நல்லாக விளையாடுவா, வாய் கொஞ்சம் கூட. சீட்டைப் பார்த்து, "இதென்ன கேள்வி? ஆஸ் கேட்கத்தானே வேணும்" என்றா.

யாழ்ப்பாணம் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேன்.

"நாலில நிப்பாட்ட மாட்டீங்களோ?" என்று நிறஞ்சனா அக்கா கேட்டா. அவ கேட்கத்தான் வேண்டும்.

"இந்தக் கையோட நாலில நிக்கிறதெண்டா எங்கட வகுப்பில ஒரு ஆளாலதான் ஏலும். கௌசலாவைக் கேளுங்கோ. அவா நிப்பா." சுதாஜினி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தா. "ஏன், அவான்ர கையே?"

நிறஞ்சனா அக்கா உள்ளே வந்து சீட்டுகளை என் முன்னால் வைத்தா.

"கௌசலா, நீர்தான் சொல்ல வேணும். அவர் காதைப் பிடிக்க முந்தி உம்மட விரல் எந்தத் துண்டில இருந்தது?"

"நாலு ஸ்கோப்பனில."

"வைச்சிருப்பீரோ?"

"தெரியாது, அக்கா. வைச்சிருப்பன் எண்டுதான் நினைக்கிறன்."

அவ புள்ளித் தாளைத் தன் பக்கம் இழுத்தா. பிறகு சொன்னா: "சட்டம் உம்மைப் போல விளையாடுற ஆளைப் பற்றித்தான் கேட்குது. உம்மைப் போல விளையாடுற ஆள் நாலிலதான் நிப்பா. நாலு ஸ்கோப்பன், பன்னிரண்டு பிடி. ஸ்லாம் இல்லை."

எழுதிக் கூட்டினா. ஆறு நின்றிருந்தால் நாங்கள் முன்னுக்கு. நாலு என்றால் ராஜினி ரீச்சர் தரப்பு. அவர்கள்தான் போகிறார்கள்.

பாலன் அண்ணை எழும்பி வந்து எனக்குக் கை கொடுத்தார். ரீச்சர், "கோபமே?" என்று கேட்டா.

"இல்லை, ரீச்சர்." அது உண்மை. அப்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நாங்கள் வாடகை வான் பிடிச்சுப் போறம். இடமிருக்கு. பார்க்க வாரும். யாழ்ப்பாணத்து ஆக்கள் எப்பிடிக் கேட்கினம் எண்டு பார்த்தாத்தானே அடுத்த முறை எங்களை வெல்லலாம்."

"வெல்ல விடுவீங்களோ?"

"விட மாட்டன். எண்டாலும் வாரும்."

வெளியே லொறிக்குப் பக்கத்தில் அல்பேர்ட் அண்ணை பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார். நான் சைக்கிளை எடுக்கப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பிள்ளை, நீ வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தா இப்ப நாங்கள் யாழ்ப்பாணம்."

"ஓம், அண்ணை."

"நான் கையைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தாலும் யாழ்ப்பாணம்தான் எண்டு சொல்லலாம். ஆனா அப்ப நீ ஆறு கேட்டிருக்க மாட்டாய்." புகையை விட்டார். "அப்ப என்னெண்டாலும் போகேலாது. கணக்கு ஒத்துவருது."

"உங்களுக்குக் கவலை இல்லையோ?"

"லொறிப் பெடியங்களுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டன். அதுதான் கவலை. என்ர மனிசி றோசம்மாவும் நல்ல சட்டையெல்லாம் எடுத்து மினுக்கி வைச்சிட்டாள்." பீடியை மிதித்து அணைத்தார். "எண்டாலும் ஒண்டு சொல்லுறன். அந்தத் துண்டை வைக்கேக்க உன்ர முகத்தைப் பார்த்தனான். ஆறு ஸ்கோப்பன். நான் செத்திட்டன் எண்டு நினைச்சன். நீ சாகேல்லை. பிடி பிடியா எடுத்தாய்."

"அண்ணை, நீங்கள் வேற சோடி பார்க்கப்போறீங்களோ?"

"விசரே உனக்கு? பத்தை எண்ணுறவனுக்கு நிப்பாட்டுறவள்தான் சோடி. போ, இருட்ட முன்னம் வீட்டை போ."

அவர் லொறியை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போனார். நான் மற்றப் பக்கம் வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். சிறுபோகப் பயிர் இரண்டு பக்கமும் நின்றது. எதிர்க்காற்று. இருந்தும் சைக்கிள் பாரமாக இல்லை. துரும்பு மூன்று சுற்று, டயமன் ஐந்து, ஆட்டின் ஆஸ் என்று மனதுக்குள் அந்தக் கையைத் திரும்ப விளையாடிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டுதான் வந்தது.

அம்மா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தா. "முகம் வெளிச்சமாக் கிடக்கு. வெண்டனியோ?" என்றா.

"தோத்திட்டன், அம்மா."

"பிறகென்ன சிரிப்பு?"

இந்த முறையும் விளக்கத் தெரியவில்லை. இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கொடுத்தேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், நிறஞ்சனா அக்காவின் தீர்ப்பில் பிழை இல்லை. சுதாஜினி சொன்னதிலும் பிழை இல்லை. லக்ஷனுடைய கையில் அந்தச் சீட்டு இருந்திருந்தால், அல்பேர்ட் அண்ணை தலைகீழாக நின்றிருந்தாலும் ஸ்லாம் நின்றிருக்கும். என் கையில் இருந்ததால் வெட்டுப்பட்டது. வகுப்பில் எட்டுப் பேருக்கும் நான் நாலில் நிற்பவள் என்று தெரியும். அந்தப் பெயரை நான்தான் இரண்டு மாதமாகச் சம்பாதித்தேன். வேறொரு பெயரையும் சம்பாதிக்கலாம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆறு கேட்டால் கூரை இடிந்து விழாது என்பது இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குப் போதும்போல் இருக்கிறது.

நாளை வெள்ளி. பால் நிலையம் மூடிய பிறகு செய்ய வேண்டியது: சீட்டைக் குலைத்துப் பதினாறு கை பங்கிடுவது. ஒவ்வொரு கையிலும் சோடி மூன்று கேட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு, எதிரே யாரும் இல்லாமல், நான் மட்டும் தீர்மானிப்பது. துண்டை வைத்த பிறகு மாற்றக் கூடாது.